கடைசி அறைச் சிலை

"கண்ணைத் தொற! தொறன்னா தொறந்து பாரு!"

நூதனசாலையின் கடைசி அறையிலிருந்து அதட்டல் கேட்டது. பின்னாலேயே ஒரு குழந்தையின் வீரிட்ட அழுகை.

கிளறன்ஸ் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்டி ஏரிக்கரையில் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருந்த அந்தச் சின்ன நூதனசாலைக்கு அவர்தான் கிளாக்கர்.

"அவதானே?"

"அவளேதான் கிளாக்கரையா," என்றான் காவலாளி சின்னமுத்து. "தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. பேரு பாலம்மா. இப்பக் கொஞ்ச நாளா ஞாயித்துக்கெழமை தவறாம வந்துர்றா. ஒரு விஷயம் தெரியுமாய்யா? அந்தப் புள்ளைய அவ பெக்கல. ரெண்டாந்தாரமா வந்தவளாம்."

"அதுதானே பார்த்தேன்! பெத்தவளுக்கு இப்படி மனசு வருமா?"

காசில்லாமல் யாரும் வந்து பார்க்கலாம் என்று வாசலில் மூன்று பாஷையிலும் பலகை தொங்கியது. ஓசியில் கிடைத்தால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்று வருகிறவர்களைக்கூடக் கிளறன்ஸ் பொறுத்துக்கொள்வார். பிள்ளையை மிரட்டுவதற்கென்றே ஒருத்தி ஓசியில் பேய் தேடி வருவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பேய் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த அறையில் நின்றது தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சிலை. ஆளுயரம். முதுகில் கூடை, தலையில் நிஜ மயிர், கண்ணாடிக் கண்கள். எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்க்கும். அதற்கு முதுகு காட்டப் பயந்து, சின்னமுத்து பின்பக்கமாக நடந்தபடியேதான் அறையைப் பெருக்குவான்.

"மத்தவங்க போனா சும்மா நிக்குதுங்கய்யா. இந்தப் புள்ள போனா மட்டும் அதுக்கு மொகத்துல உசுரு வருது. எங்கண்ணால பார்த்தேன்."

"போப்பா, உளறாதே."

சொன்னாரே தவிர, கிளறன்ஸும் தனியாக அந்த அறைக்குப் போய் வெகுநாளாயிற்று. இன்றைக்குத் துணிந்து போனார்.

வெளியே மழை இருட்டு. இருந்த ஒரே ஜன்னலிலும் வெளிச்சமில்லை. பாலம்மா அந்த நாலு வயதுப் பெண் குழந்தையின் தாடையைப் பிடித்து, சிலைக்கு நேராக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பாரு பேச்சி. மறந்துறாத! ராவுக்குக் கண்ண மூடினா இந்த மொகம் வரணும், ஆமா!"

கிளறன்ஸுக்கு வந்த ஆத்திரத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

"விடு புள்ளைய! நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

பாலம்மா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். குழந்தை அவள் சேலைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

"நாங்க எதையும் தொடலீங்கய்யா. பாக்கத்தான் வந்தோம்."

"இனிமேல் பார்க்க முடியாது. அங்கே பார்."

சுவரோரம் நீளமாக ஒரு பலகைப் பெட்டி திறந்து கிடந்தது. அடியில் வைக்கோல் பரப்பியிருந்தது.

"யாருக்குங்கய்யா பெட்டி?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"இந்தச் சிலைக்குத்தான். கொழும்புப் பெரிய நூதனசாலைக்கு நானே எழுதிப்போட்டேன். நாளைக்கு ரயில்ல போகுது. அங்கேயும் காசு கேட்கமாட்டாங்க. முடிஞ்சா அங்கே கூட்டிப்போய்ப் பயங்காட்டு!"

பாலம்மா சிலையின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டியில வைக்காதீங்கய்யா. ஒருக்கா அவளை வச்சாச்சு."

கிளறன்ஸ் ஓரடி பின்வாங்கினார். "யாரை?"

"இருளாயிய. எம் புருஷனுக்கு மூத்த தாரம். இந்தச் சிலை செய்யத் தொரைமாரு தோட்டத்துக்கு வந்து, அவளப் படுக்கவச்சு, மூச்சுக்கு மூக்குல கொழாய் சொருகி, மொகத்துல வெள்ளைச் சாந்து அப்பி அச்செடுத்தாங்களாம். உசுரோட மொகத்த எடுத்தா ஆயுசு நிக்காதுன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் தடுத்தாங்களாம். அடுத்து வந்த காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. அப்ப இது பால்குடி மறக்காத புள்ள."

கிளறன்ஸ் சிலையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அதே அகன்ற நெற்றி, அதே மேடான கன்னம். தாயும் மகளும் எதிரெதிரே நிற்பதைக் கண்டுதான் சின்னமுத்து மிரண்டிருக்கிறான்.

"எங்ககிட்ட வேற படமா இருக்குங்கய்யா? இந்த மண்ணுலகத்துல அவ மொகம் இங்க மட்டுந்தான் இருக்கு."

எவ்வளவு பெரிய பாவத்தைப் புண்ணியமென்று நினைத்துச் செய்யப் பார்த்தோம் என்று கிளறன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சின்னமுத்து! இந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போடு. சிலை எங்கேயும் போகாது. கொழும்புக்கு நான் பதில் சொல்லிக்கொள்றேன்."

பாலம்மா கைகூப்பினாள். ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை தீரவில்லை.

"அதுக்காகப் பச்சைப் புள்ளையை இப்படி அழவைக்கணுமா, பாலம்மா? கொஞ்சம் வளர்ந்த பிறகு, இதுதான் உன்னைப் பெத்தவள்னு பக்குவமாக் காட்டக்கூடாதா?"

பாலம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, முந்தானையால் அதன் கண்ணைத் துடைத்தாள்.

"அதுவரைக்கும் பொறுக்கலாமுங்களாய்யா? இது இப்பவே என்னைய அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிருச்சே!"