சேதி

சினைப்பருவத்தில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குக் கருத்தடை அறுவை முடிந்தது. எடுத்த கருப்பையை டாக்டர் தட்டில் வைத்து ரெஜினாவிடம் காட்டினார். கவட்டைக் கொம்புபோல் இரண்டாகப் பிரிந்து, சிவந்து வீங்கியிருந்தது.

“பருவத்துல ரத்தக்குழாயெல்லாம் தடிச்சிருக்கும்மா, பாருங்க. ஒவ்வொண்ணா நிதானமாக் கட்டினேன். இன்னும் சில நாள் கூப்பிடுவா. கடுவன் பூனையைக் கிட்ட விட்றாதீங்க.”

“அதான் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே டாக்டர்?”

“ரத்தத்துல ஊறின ஹார்மோன் வடியணும். உடம்புக்குச் சேதி போய்ச் சேரணுமில்ல?”

மறுநாள் மாலை பூனை சன்னல் கண்ணாடியில் உடலைத் தேய்த்தபடி நீளமாகக் கத்தியது. மதில்மேலிருந்து கடுவன் பதில் கொடுத்தது. ரெஜினா கொக்கியைப் போட்டுவிட்டுப் பூனையருகே உட்கார்ந்தாள். ஒரு பிள்ளைகூடப் பெறாமலே அவள் கருப்பையையும் எடுத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பூனையின் முதுகை வருடினாள்.

“கத்திக்கோடி,” என்றாள். “எனக்கே இன்னும் சேதி வந்து சேரல.”