ஆட்சேப மனு

மாநிலத்தில் இனி யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது என்றதும் நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. உரிமக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் ஆட்சேப மனுவையும் பேனாவையும் மனைவி பாவாத்தாளிடம் நீட்டினார்.

“பொம்பளைக பாதுகாப்புக்குன்னு எழுதியிருக்குது. கையெழுத்துப் போடு புள்ள.”

அவள் சுவரில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அது ஒரு காட்டுப்பன்றியைக்கூடச் சுட்டதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் அதை இறக்கி, அவள் முகத்துக்கு நேராக வைத்துத் துடைப்பார். தேர்தல் வந்து காவல் நிலையத்தில் அதை ஒப்படைத்திருக்கும் மாதங்களில், உப்பே இல்லாவிட்டாலும் சத்தமில்லாமல் தின்றுவிட்டு எழுவார். சட்டம் வந்தால் எல்லா மாதமும் அப்படித்தான்.

“யாருகிட்ட இருந்துங்க பாதுகாப்பு?” என்றாள்.

அவர் கை சுவர்ப் பக்கம் போயிற்று. பாவாத்தாள் பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகினாள்.