ஒரே துளைக் காற்று

காற்றை மூச்சாக இழுத்து மின்சாரம் தரும் இரண்டு குட்டி பேட்டரிகள் ஒரு கையடக்க ரேடியோவுக்குள் இருந்தன. காற்று வர ஒரே ஒரு துளைதான். துளையோரம் செம்பா, உள்மூலையில் நீலா.

வந்த காற்றையெல்லாம் செம்பாவே நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளும். நீலாவுக்கு மூச்சு முட்டும், ரேடியோ கரகரக்கும்.

"எனக்கும் கொஞ்சம் விடேன், செம்பா" என்று நீலா கேட்டது.

"உனக்குத் தெம்பில்லாததற்கு என் மேல் பழியா?" என்றது செம்பா.

ரேடியோவை வடிவமைத்த சுகிர்தா ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "உள்மூலையில இருக்கிற பேட்டரி தேறாது போலிருக்கே. தூக்கிப் போட்டுடலாமா?" என்று முணுமுணுத்தாள்.

செம்பாவுக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எதற்கும் பார்ப்போமே என்று சுகிர்தா இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மூடினாள்.

மூலைக்குப் போனதும் செம்பா பயந்தது. இனி நீலா பழிவாங்காமல் விடுமா? ஆனால் சற்று நேரத்தில் இதமான காற்று உள்ளே வந்தது. நீலா சின்னச் சின்னதாக மூச்சு இழுத்து, மீதியைச் செம்பாவுக்கு விட்டுக்கொண்டிருந்தது. ரேடியோ தெளிவாகப் பாடியது.

"அட, ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு! அப்போ கரகரத்தது ஒரே துளையில காத்து பத்தாமத்தான்" என்று சுகிர்தா இன்னொரு துளை போட்டாள். காற்று தாராளமாக வந்தது.

"இப்போ மூச்சு நல்லா வருதா, செம்பா?" என்று நீலா கேட்டது.

அவ்வளவு காற்று இருந்தும், செம்பா இப்போது சின்னச் சின்னதாகவே மூச்சு இழுத்தது.