தண்ணீர் எடுக்கப் போகாத வீரன்

"போடா, போ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் தாவீது ராஜா.

மூன்றாவது வீரன் சம்மா நகரவில்லை.

ராஜா வேஷத்தில் டிரில் வாத்தியார். சம்மா வேஷத்தில் பிளம்பர். இடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் மண்டபம். நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

பைபிளில் வரும் கதை, ரொம்பச் சின்னது. போர் நடுவில் ராஜாவுக்குத் தாகம். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீர் கிடைக்காதா என்று ஏங்குகிறார். கிணற்றைச் சுற்றி எதிரிப் படை. மூன்று வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய்க் கொண்டுவருகிறார்கள். அவ்வளவுதான்.

தாவீதை எல்லாருக்கும் தெரியும், அந்த மூன்று பேரை யாருக்கும் தெரியாது. அந்த ஆதங்கத்தில்தான் வாத்தியார் நாடகமே எழுதினார். ஆனாலும் ராஜா வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

தையல்காரரும் பேக்கரிக்காரரும் வாளை உருவிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பிளம்பர் மட்டும் சிம்மாசனத்துக்குப் பின்னால், பலகைக் கோட்டைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

"சம்மா ஏன் சும்மா நிக்கிறான்?" ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"வீட்டுக்கு வீடு குழாய் போடுறவர், ராஜாவுக்கு ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவர மாட்டாராமா?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் பிளம்பரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். மகள், "அப்பா, ஓடுப்பா!" என்று கத்தியே விட்டாள். பாவம், போன வருஷம் கழுதைக்குப் பின்கால் அவர். இந்த வருஷம்தான் முகம் தெரிகிற வேஷம்.

ராஜா சமாளித்துப் பார்த்தார். "வீரனே, பயமா?"

"பயம்தான், அரசே."

மறுபடியும் சிரிப்பு.

தண்ணீர் வந்தது. "இது என் வீரர்களின் ரத்தம்! இதைக் குடிக்க மாட்டேன்!" என்று ராஜா உட்கார்ந்தபடியே தரையில் ஊற்றினார். மற்ற இருவரும் மண்டியிட்டார்கள். பிளம்பர் அப்போதும் அசையவில்லை. வேர்த்துக் கொட்ட, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்.

திரை விழுந்ததுதான் தாமதம், வாத்தியார் சிம்மாசனத்தில் இருந்தபடியே தாடியைப் பிய்த்து எறிந்தார்.

"அத்தனை பேரும் தலைதெறிக்க ஓடினப்பவும் பயறு வயல்ல ஒத்தை ஆளா நின்னு சண்டை போட்டவன்டா சம்மா! அவன் மானத்தையும் வாங்கிட்டே, என் மானத்தையும் வாங்கிட்டே. இனிமே கழுதைக்கு வால் வேஷம்கூட உனக்குக் கிடையாது!"

"சரிண்ணே. முதல்ல எழுந்திருங்க."

"எனக்கே உத்தரவு போடுறியா?"

"கால்ல விழுந்து கேப்பேன், ஆனா இப்போ குனிய முடியாது. எழுந்திருங்கண்ணே!"

சட்டையைப் பிடிக்கிற வேகத்தில் எழுந்து வந்தார் வாத்தியார். பிளம்பர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரே தாவு.

கோட்டைச் சுவர் அப்படியே சரிந்து சிம்மாசனத்தின் மேல் விழுந்தது. நாற்காலியின் நாலு காலும் நாலு பக்கம் பறந்தன.

வாத்தியார் சுவரையும் பிளம்பரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். "எ... எப்போலேருந்துடா?"

"ரெண்டாம் காட்சிலேருந்து. சொல்லியிருந்தா நாடகம் நின்னிருக்கும். ஆசை ஆசையா எழுதினீங்களே."

பிளம்பர் முதுகை நெளித்து நிமிர்ந்தார்.

"இப்பத் திட்டுங்கண்ணே. நிம்மதியா கேக்கிறேன்."