எட்டு கிலோ

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கொழுப்பக் கரைச்சிருக்கீங்க?"

இனியவனின் அண்ணி தீபலட்சுமி இப்படிக் கேட்டதும் அம்மாவாசை மாஸ்டர் கையிலிருந்த மசால்வடையைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தார்.

அரியாங்குப்பத்தில் பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய ஜிம். இரண்டு நாளில் அவளும் இனியவனும் ஏறி இறங்கும் மூன்றாவது ஜிம் இது.

கத்திரிக்காய் வாங்கவே நாலு கடை பார்க்கிறவள் அண்ணி. புருஷன் உயிர் விஷயத்தில் சும்மா விடுவாளா?

அண்ணன் கலியமூர்த்தி நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். பாண்டியில் பிறந்து வளர்ந்து ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காத மனுஷன். அவருக்குப் போய்க் கல்லீரல் கெட்டுவிட்டது. கடவுளுக்குக் கண்ணிருக்கிறதா என்று கேட்காத ஆள் தெருவில் பாக்கியில்லை.

வீட்டில் பொருந்தி வந்தது தம்பி இனியவன் ஒருத்தன்தான். அவன் கல்லீரலிலோ கொழுப்பு. ரெண்டு மாசத்தில் எட்டு கிலோ இறக்கிக்கொண்டு வந்தால் பாதியை எடுத்து அண்ணனுக்கு வைக்கலாம், இறங்காவிட்டால் உங்களைத் தொடவே மாட்டோம் என்று சென்னை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

உங்களுக்குச் சம்மதம்தானா என்று அந்த டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார். கதவுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தாள். வாய் சம்மதம் என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவனுக்குள் ஒன்றே ஒன்றுதான். பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். மேஜையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம், மூன்று வயது மகளை இனிப் பார்க்க மாட்டோம் என்கிற பயம். வெளியே சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

தெருவே கூடி அவனுக்கு ட்ரெய்னர் தேடியது. பால்காரர் ஒரு பேர் சொன்னார், டீக்கடையில் இன்னொரு பேர். எதிரே வருகிறவர்களெல்லாம் முதலில் அவன் தொப்பையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

லாஸ்பேட்டை ட்ரெய்னர் தங்கமான பையன். ரத்த ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்தான். முட்டிவலி உண்டா, ராத்திரி என்ன சாப்பாடு என்று விசாரித்தான். டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டான். இவன் எட்டு என்ன, பத்தே இறக்கிவிடுவான் என்று இனியவனுக்குத் தெரிந்துபோயிற்று. அங்கே வண்டி நிறுத்த இடமில்லை என்று அண்ணியிடம் சாக்குச் சொல்லிவிட்டான் இனியவன்.

முத்தியால்பேட்டையில் சரிதா என்று ஒரு பெண். தின்பதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பணும், ஒரு நாள் வரலன்னாலும் வீட்டுக்கே வந்து நிற்பேன் என்றாள். அம்மாடி! கூச்சமா இருக்கு அண்ணி என்று நழுவினான்.

நல்ல ட்ரெய்னரைக் கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்டுபிடித்து, ஒவ்வொருத்தராகக் கழித்துக்கட்டினான்.

அம்மாவாசை மாஸ்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். எடை மிஷின் ஆள் ஏறும் முன்பே மூன்று கிலோ காட்டியது. டிரெட்மில் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முடிஞ்சப்ப வாங்க, மூச்சு வாங்குனா உக்காந்துக்கங்க, எதுக்கு அவசரம் என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது இனியவனுக்கு.

இவரே போதும், வீட்டுக்குப் பக்கம், ஒரு நாள் விடாமல் வந்துவிடலாம் என்றான் அண்ணியிடம். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அண்ணி மிஷினைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், மாஸ்டரின் வயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உடம்பு உங்களுது தம்பி. நீங்க சொன்னா சரி."

அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

வீட்டுக்குத் தகவல் சொல்ல அண்ணி போனோடு மாடிப்படிப் பக்கம் போனாள். அவள் தலை மறைந்ததும் மாஸ்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"முந்தாநேத்து உங்கண்ணன் வந்தாரு தம்பி. படி ஏற முடியல, கீழ ஆட்டோவுலயே உக்காந்துகிட்டு என்னைக் கூப்புட்டு அனுப்பிச்சாரு. 'தம்பி நல்ல எடமெல்லாம் பாத்துட்டு கடைசியா உங்கிட்டதான் வருவான், ஒரு கிலோகூட எறங்காமப் பாத்துக்க'ன்னாரு. 'ஊசியப் பாத்தாலே ஓடுற புள்ள, வெளிய சொல்ல முடியாம கெடந்து தவிக்குறான். எடை எறங்கலன்னா டாக்டரே வேணாம்னுடுவாங்க, அவன் மேல பழி வராது'ன்னாரு."

அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தும், அந்த மஞ்சள் பூத்த கண்ணோடு நேற்று ராத்திரி எதிரே உட்கார்ந்து, நல்ல ஆளாப் பாத்து சேருடா என்று தட்டில் இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார்.

இனிமேல் எடையைக் குறைக்கவும் பயம், குறைக்காமல் இருக்கவும் பயம். எங்கே போவான்?

அண்ணி திரும்பி வந்து போனை நீட்டினாள். அண்ணன் லைனில் இருந்தார். நாலு வார்த்தைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"ஆளு புடிச்சிருக்காடா?"

அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சிருக்குண்ணே" என்றான் இனியவன்.

அப்பாடா என்று அண்ணி பெருமூச்சு விட்டாள்.