சின்னப்பையனுக்கு வயசாயிடுச்சு

தாவூது படிக்கப் படிக்க விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற சின்னப்பையன் சிரிக்கவில்லை.

"'ஐயா, உங்க டிரெய்லர் டிரைவர் சின்னப்பையன் இப்பல்லாம் உட்கார்ந்தால் அப்பாடா என்கிறார், எழுந்தால் யம்மா என்கிறார்.' கரெக்டுதான மாமு? நேத்து நீ இந்த பெஞ்சுல குந்தசொல்ல காசிமேடு வரைக்கும் கேட்டுச்சே!"

"மேல படி" என்றார் சின்னப்பையன்.

காலையில் கண்டெய்னர் யார்டு மேனேஜர் நிதிஷ் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த மொட்டைக் கடிதத்தில் நாலு வரி படித்துக் காட்டினான். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்த கடிதம், அடியில் பேர் இல்லை. மீதியைத் தானே படிக்கலாம் என்று சின்னப்பையன் வாங்கி, கை நீளும் மட்டும் நீட்டிப் பார்த்தார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

படிக்கவே தேவையில்லை. எர்ணாவூர் பாலத்துச் சங்கதி இருந்த அந்த நாலு வரியிலேயே ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டது. எழுதினவன் வாயாலேயே மீதியும் வரட்டும் என்றுதான் நேராக எண்ணூர் ஹைரோட்டு டீக்கடைக்கு வந்தார். இருபத்தெட்டு வருஷமாக இருவரும் லோடுக்கு லோடு டீ குடிக்கிற இடம்.

"'மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் காணோம் என்று எல்லோரையும் ஏசுகிறார். மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் தங்கச்சி பேர், அண்ணி பேர் எல்லாம் வந்த பிறகுதான் மகிழினி என்று வருகிறது. ஒரே கதையை ஒரே நாளில் மூன்று தடவை சொல்கிறார்.'" தாவூது தொடையில் தட்டிக்கொண்டார். "மூணா? பேசின் பிரிட்ஜாண்ட டயரு வெடிச்ச கதைய நேத்து நாலு தடவ சொன்ன மாமு!"

"படின்றேன்ல."

"'சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தால், ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம்...'"

தாவூதின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த வரியை வாய்க்குள்ளேயே படித்தார். அதற்கடுத்ததையும் அப்படியே.

"இன்னா, நிறுத்திட்ட? கடைசில இன்னா போட்டுக்கீது?"

"வண்டிய வுட்டு எறக்கி வேற வேல குடுங்கன்னு போட்டுக்கீது."

"குட்த்துட்டாங்க. நாளைலர்ந்து கேட்டாண்ட குந்திகினு வர்ற வண்டி, போற வண்டி நம்பர எழுதணுமாம். டிரெய்லர் ஓட்டுன கையி!" சின்னப்பையன் கையை விரித்துக் காட்டினார். "எர்ணாவூர் பாலத்தாண்ட அந்த ஷேர் ஆட்டோ கண்ணுக்குத் தெரியல, மெய்தான். பிரேக்கு புடிச்சுச்சா இல்லியா? யாருக்காச்சும் ஒரு கீறல் பட்டுச்சா? வூட்ல செங்கொடிகிட்ட சொன்னதுக்கு அவளே ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. உங்கிட்ட தோஸ்துன்னு நம்பி சொன்னேன். சொல்லு, இதெல்லாம் உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?"

தாவூது தாளை நாலாக மடித்தார். ரோட்டில் ஒரு கண்டெய்னர் வண்டி போய், அதன் புழுதி அடங்கும்வரை அவர் நிமிரவில்லை.

"நான்தான் மாமு" என்றார்.

சின்னப்பையன் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று அடித்துப் பேசுவான், அல்லா மேல் ஆணை என்பான், நாமும் ரெண்டு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு அதே பெஞ்சில் உட்காரலாம் என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அடிக்க மனசு வரவில்லை.

"உன் வூட்டு நோம்புக் கஞ்சி குடிச்சு வளர்ந்தவ என் பொண்ணு. இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

"சரி மாமு. வெயில்ல நிக்காத, கெளம்பு." ரெண்டடி போனவரைத் தாவூது மறுபடி கூப்பிட்டார். "வூட்ல போய் யார்கிட்டயும் சத்தம் போடாத."

சின்னப்பையன் திரும்பிப் பார்க்கவில்லை. திருவொற்றியூர் வரை நடந்தே வந்தார்.

வீட்டில் மனைவி செங்கொடி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அப்பாடா என்று முனகாமல் தரையில் உட்கார்ந்ததைக் கண்டே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"இன்னாயா, மூஞ்சி இப்டி கீது?"

"வண்டிய புடுங்கிட்டாங்க. கேட்டுல போட்டுட்டாங்க."

அவள் மீனைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இனிமே தாவூது பேர இந்த வூட்ல யாரும் எடுக்கக்கூடாது. கூடவே இருந்து முதுகுல குத்திட்டான். மேனேஜருக்கு லெட்டர் போட்டது அவன்தான்."

"அவரா? யார் சொன்னா?"

"அவனே ஒத்துகினான். தலயக் குனிஞ்சுகினு, 'நான்தான் மாமு'ன்றான்."

செங்கொடியின் கை நின்றது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த மனுசன் பொய் சொல்லிக்கீறாருயா. எழுதுனது நானு."