பால் கேனில் பட்ட தோட்டா

ரோக்கின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை மேஜையில் இன்னொரு முறை மோதினான் பாஷ்க். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் மேஜையில் விரித்திருந்த புதுப் பேனரில் பரவியது. 'உயிர் வாழும் உரிமை எல்லோருக்கும்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"லுலாஷ் எதுக்குய்யா வெளிய வந்தான்?" என்றான் பாஷ்க்.

ரோக் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஷ்கோடர் நகரத்தில் இரண்டு அறையில் மனித உரிமைச் சங்கம் நடத்துகிறவர் அவர். பழிக்குப் பயந்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் குடும்பங்களுக்கு மாவும் எண்ணெயும், உட்கார்ந்த இடத்தில் தைத்துப் பிழைக்கச் செருப்புத் தோலும் சங்கத்து வண்டியில் போகும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானமும் பேசுவார். எல்லாம் நாலு பேர் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது.

லுலாஷ் அப்படி அடைபட்டவன். அவனுடைய அண்ணன் ஒரு வாய்க்கால் தகராறில் பாஷ்க்கின் தம்பியைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஜெயிலில் இருக்கிறான். ஜெயில் அரசாங்கத்தின் கணக்கு. ஊர்க் கணக்குப்படி லுலாஷின் உயிர் பாஷ்க்குக்குச் சேர வேண்டியது. அவன் வீட்டுக்குள் இருக்கும்வரை தொடக் கூடாது, வாசலைத் தாண்டினால் விடக் கூடாது.

பாஷ்க்கின் தோளில் எப்போதும் துப்பாக்கி தொங்கும். கல்குவாரியில் கை நிறையச் சம்பளம் வாங்கியும் காலில் வாய் பிளந்த பூட்ஸ்தான். சம்பளம் பூராவும் தோட்டாவுக்கே போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று காலை ஊர்க் காபிக் கடையில் அவனுக்கான கோப்பையைக் கடைக்காரர் தன் முழங்காலுக்கு அடியில் கையை விட்டு நீட்டினார். பழி வாங்காதவனுக்கு அந்தப் பக்கத்தில் காபி அப்படித்தான் வரும். இத்தனை பேர் பார்க்க அந்த அவமானத்தை எப்படித்தான் விழுங்குவானோ, பாஷ்க் வழக்கம்போல் வாங்கிக் குடித்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர் வாசலைத் திறந்துகொண்டு, கையில் பால் கேனுடன் லுலாஷ் ரோட்டுக்கு வந்தான். கடை மொத்தமும் திரும்பி பாஷ்க்கைப் பார்த்தது. அவன் எழுந்து, நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டான்.

தோட்டா கேனைத் துளைத்தது. பால் ரோட்டில் ஓட, லுலாஷ் வீட்டுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டான்.

"ஓடற முயலை அடிப்பே, நிக்கற ஆளை அடிக்க வராதா? நாளையிலேருந்து காபியைத் தரையில ஊத்தச் சொல்றேன், நக்கிக்க" என்றான் பக்கத்து மேஜைக்காரன். பாஷ்க் துப்பாக்கிக் கட்டையால் ஒரே அடியில் அவன் தாடையைப் பெயர்த்தான். அப்புறம் கிடைத்த லாரியில் ஏறி, நேரே நகரத்துக்கு வந்துவிட்டான்.

"கேக்கறேன்ல?" அதே கட்டை இப்போது ரோக்கின் விலாவில் இறங்கியது.

ரோக் நாற்காலியோடு சரிந்தார். குறி தப்பிய ஆத்திரத்தை இவன் தன் மேல் தீர்த்துக்கொள்கிறான் என்றே நினைத்தார். இரையை ஒளித்து வைக்கிறவன் மேல் வேட்டைக்காரனுக்குக் கோபம் வருவது இயற்கைதானே.

"அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்ப்பா. வீட்டுல மாவு இல்ல. பாலை வித்து ஏதாவது வாங்கலாம்னு வந்திருப்பான்."

"மாவு ஏன் இல்ல? தோல் மூட்டை எங்க? உங்க வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பாத்தே மாசம் ஒண்ணாச்சு."

ரோக்கின் கண் பேனருக்குப் போயிற்று. லுலாஷ் வீட்டுக்கென்றே மாதாமாதம் பாதிரியார் கையில் ஒரு நன்கொடை வரும். பேர் சொல்ல விரும்பாத யாரோ ஒரு புண்ணியவான். இத்தாலியில் வேலை பார்க்கிற ஊர்க்காரராக இருக்கும் என்பது ரோக்கின் எண்ணம்.

இந்த மாதம் அதை எடுத்துத்தான் மண்டபம் பிடித்து, பேனர் அடித்து, வரப்போகும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு ஆட்டுக்கறி விருந்துக்கும் சொல்லியிருந்தார். பெரிய இடத்து உதவி கிடைத்தால் எல்லா வீட்டுக்கும் ஆகுமே என்ற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் உள்ளவர்கள் இப்படித்தான் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைக்கிறார்கள்.

பாஷ்க் துப்பாக்கிக் குழலை அவர் தொண்டைக் குழியில் வைத்து அழுத்தினான்.

"பசிச்சா நாளைக்கும் வருவான். கடையில அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நாளைக்கும் கேன்லயே படுமா?"

சாகப் போகிறோம் என்று தெரிந்ததும் ரோக்குக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"காசு குடுக்கற மனுஷனே இதுவரைக்கும் ஏன்னு கேக்கல. அவனைக் கொல்லத் திரியற நீ யாருய்யா கேக்க?"

பாஷ்க் குழலை எடுத்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிழிந்த பூட்ஸைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நான் காசு குடுக்கறதே அவன் வெளிய வரக் கூடாதுன்னுதான்யா."